தண்ணீர் வகுத்த வழி: டெம்ப்ஸ்டர் சாலையில் சைக்கிளும் கூடாரமும்

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது யூகான் பிரதேசம். அங்கே டாசன் சிட்டி என்ற பழைய தங்கவேட்டை ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஒரு சரளைச் சாலை வடக்கே பிரிகிறது. பெயர் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. இரண்டு முனையிலும் கொஞ்ச தூரம் தார் பூசியிருக்கிறார்கள். நடுவில் எல்லாம் சரளையும் மண்ணும்தான். இனுவிக் என்ற ஊர் வரை ஏறக்குறைய 740 கிலோமீட்டர். 2017 நவம்பரில் அங்கிருந்து மேலும் 138 கிலோமீட்டருக்குச் சாலை திறக்கப்பட்டு, துக்தோயாக்துக் கிராமத்தில் ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டது.

தெற்கு முனையிலிருந்து எண்ணினால் இந்த வழியின் முதல் பெட்ரோல் பங்க் 369ஆவது கிலோமீட்டரில், ஈகிள் பிளெயின்ஸில், வருகிறது. அதுவரை கடை இல்லை, ஊர் இல்லை, செல்பேசிக்கு சிக்னல் இல்லை. ஆனாலும் கோடை வந்தால் சைக்கிளின் முன்னும் பின்னும் பைகளை மாட்டிக்கொண்டு, இரவில் ஆற்றோரத்தில் கூடாரம் அடித்துப் படுத்து, இரண்டு வாரத்தில் இதைக் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். உடல் வலு வேண்டும்தான். அதைவிட முக்கியம், அந்த நிலம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு.

கேட்கிறவர்கள் முதலில் கரடியைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்துக் குளிரைப் பற்றி. கரடிக்குப் பிறகு வருவோம். கோடையில் குளிர் பெரிய தொல்லை தருவதில்லை. இந்தப் பயணத்தை நடத்துவது தண்ணீர். ஆறாக ஓடும் தண்ணீர், மண்ணுக்கடியில் உறைந்து கிடக்கும் தண்ணீர், மழையாக வந்து சாலையைக் குழைக்கும் தண்ணீர், குட்டையாகத் தேங்கிக் கொசு வளர்க்கும் தண்ணீர். எங்கே குடிக்கலாம், எங்கே படுக்கலாம், எந்த நாள் மிதிக்கலாம், எந்த மாதம் கிளம்பலாம் என்பதெல்லாம் இதில் அடங்கிவிடும்.

முதலில் ஆறுகள். சாலை வடக்கு க்ளோண்டைக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக டூம்ஸ்டோன் மலைகளுக்குள் ஏறுகிறது. 82ஆவது கிலோமீட்டர் வாக்கில் வரும் கணவாய், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். இதுவே வழியில் மிக உயர்ந்த இடம். அந்தக் கணவாயின் தெற்கே பெய்யும் மழை க்ளோண்டைக்கில் சேர்ந்து, யூகான் ஆற்றில் கலந்து, அலாஸ்கா முழுவதையும் கடந்து பெரிங் கடலுக்குப் போகிறது. வடக்கே பெய்யும் மழை பிளாக்ஸ்டோன் ஆற்றில் விழுகிறது. பிளாக்ஸ்டோனும் ஓகில்வி ஆறும் சேர்ந்தால் பீல் ஆறு. பீல் போய்ச் சேர்வது மெக்கன்சியில், மெக்கன்சி போய்ச் சேர்வது ஆர்க்டிக் பெருங்கடலில்.

இந்த நீர்ப்பிரிமேட்டைச் சாலை ஒரு தடவையோடு விடுவதில்லை. ஓகில்வி ஆற்றை விட்டு மேட்டில் ஏறி ஈகிள் பிளெயின்ஸைக் கடந்து இறங்கினால் வரும் ஈகிள் ஆறு, போர்க்குபைன் ஆறு வழியாக மீண்டும் யூகானுக்கே போகிறது. பிறகு ரிச்சர்ட்சன் மலைகள். 465ஆவது கிலோமீட்டரில், யூகானும் வடமேற்குப் பிரதேசங்களும் எல்லை பிரியும் ரைட் கணவாயில், தண்ணீர் மறுபடி பீல் பக்கம் திரும்புகிறது. ஆக மூன்று முறை நீங்கள் ஒரு கடலின் பக்கத்திலிருந்து இன்னொரு கடலின் பக்கத்துக்கு ஏறி இறங்குகிறீர்கள். இது பூகோளப் பாடத்துக்கு மட்டும் உதவும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நீர்ப்பிரிமேடு வருகிறது என்றால் ஏற்றம் வருகிறது, காற்று வருகிறது, குடிநீர் குறைகிறது என்று பொருள். வரைபடத்தில் இந்த மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டவருக்குப் பயணத் திட்டத்தில் பாதி முடிந்துவிட்டது.

இனி சாலைக்கு அடியில் இருக்கும் தண்ணீர். இந்தப் பகுதியில் பெரும்பாலும் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேலே ஒரு சிறு அடுக்கு மட்டும் இளகும். குளிர் வந்ததும் திரும்ப இறுகும். இந்த உறைமண்ணில் பனிக்கட்டி நிறைய கலந்திருக்கிறது. மேலே உள்ள பாசியையும் புல்லையும் வழித்துவிட்டு வழக்கம்போல் சாலை போட்டால், வெயில் உள்ளே இறங்கி, பனி உருகி, சாலை அமிழ்ந்துவிடும். எனவே இங்கே தோண்டாமல் மேலே கொட்டினார்கள். இயற்கையான தரையைத் தொடாமல் அதன்மேல் 1.2 மீட்டரிலிருந்து சில இடங்களில் 2.4 மீட்டர் வரை சரளையைப் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். வெப்பம் கீழே போகாமல் தடுக்கும் போர்வை அது. 1959இல் தொடங்கிய வேலை, நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய், 1979இல்தான் முடிந்தது. எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கிய சாலை இது. இன்றைக்கு வடக்கே வாழும் மக்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகளுக்கும், எங்களையும் உங்களையும் போல ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கும் பயன்படுகிறது.

சைக்கிள்காரருக்கு இந்தக் கட்டுமானத்தால் இரண்டு விளைவு. ஒன்று, சாலை சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமாக, கரைபோல, நிற்கிறது. நினைத்த இடத்தில் சைக்கிளை இறக்கி ஓரமாகக் கூடாரம் அடிக்க முடியாது. இறங்கினாலும் கீழே இருப்பது பருத்திப்புல் குத்துக் குத்தாக முளைத்த சதுப்பு. இரண்டு, மேற்பரப்பு முழுக்க உடைகல். ஈகிள் பிளெயின்ஸ் வட்டாரத்தில் போட்டிருக்கும் பாறைச் சில்லுகள் கத்திபோல் கூரானவை. லாரி ஓட்டுகிறவர்களே உபரி டயர் இல்லாமல் வருவதில்லை. சைக்கிளுக்கு 50 மில்லிமீட்டருக்குக் குறையாத அகல டயர், இரண்டு மூன்று டியூப், மடக்கி வைக்கக்கூடிய உபரி டயர் ஒன்று, நல்ல பம்ப், செயின் இணைப்பு, சில ஸ்போக்குகள் இல்லாமல் கிளம்பக் கூடாது. அறுந்த ஸ்போக்கை நீங்களே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். 369ஆவது கிலோமீட்டரில் லாரி டயருக்கு ஒட்டுப் போடுவார்கள். சைக்கிள் கடை என்பது டாசனை விட்டால் மறந்துவிட வேண்டிய ஒன்று.

சாலையே சில இடங்களில் அகலமாகி விமான ஓடுதளமாகிவிடும். அவசரத்துக்குச் சிறு விமானம் இறங்குவதற்காக அப்படி. மிதித்துக்கொண்டு போகிறவர் அதைக் கவனிப்பது, திடீரென்று மேடுபள்ளம் குறைந்து சுகமாக இருக்கிறதே என்றுதான்.

மழை பெய்தால் கதை வேறு. புழுதி பறக்காமல் இருக்கச் சாலையில் கால்சியம் குளோரைடு உப்பைக் கலக்கிறார்கள். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த நாளில் அதன்மேல் மிதிப்பது கிட்டத்தட்டத் தார்ச்சாலையில் மிதிப்பதுதான். நல்ல மழை விழுந்து ஒரு மணி நேரமானால் அதே இடம் இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். சேறு டயரில் ஒட்டும். டயர் அதை மட்கார்டுக்குள் கொண்டுபோய் அடைக்கும். நூறு மீட்டருக்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஏறினால் இன்னொரு நூறு மீட்டர். அனுபவசாலிகள் மட்கார்டை ஆரம்பத்திலேயே கழற்றி வைத்துவிடுவார்கள். அல்லது டயருக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி தூக்கி மாட்டுவார்கள். மழை வலுத்தால் நின்றுவிடுவதே உத்தமம். வெயில் அடித்தால் சாலை அரை நாளில் காய்ந்துவிடும். அந்த அரை நாளை மிதித்துச் சேமிக்கப் பார்த்தவர் செயினையும் கியரையும் இழப்பார். உப்புச் சேறு காய்ந்தால் இரும்பைத் தின்னும். மாலையில் ஆற்றங்கரையில் நின்றதும் முதல் வேலை, கூடாரத்துக்கு முன்பே, சைக்கிளைக் கழுவி எண்ணெய் விடுவது.

குடிநீருக்கு வருவோம். இத்தனை ஆறு ஓடும் வழியில் தாகத்தால் தவிப்பவர்கள் இருப்பது விந்தையாகத் தோன்றும். ஓகில்வி ஆற்றை ஒட்டிச் சாலை ஐம்பது கிலோமீட்டர் போகிறது. கைக்கெட்டும் தூரத்தில் தெளிந்த தண்ணீர். பிறகு 245ஆவது கிலோமீட்டர் வாக்கில் ஆற்றை விட்டு மேட்டில் ஏறுகிறது. அங்கிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரை சுமார் 120 கிலோமீட்டர், குன்றின் முதுகிலேயே போகும். நம்பி நிற்கக்கூடிய ஓடை அநேகமாக இல்லை. பொறியாளர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வழி எடுத்தார்கள். பள்ளத்தில் பனிக்கட்டி மிகுந்த மண். மேட்டில் தண்ணீர் வடிந்து தரை உறுதியாக இருக்கும். கடைசிப் பனியுகத்திலும் பனிப்பாளம் மூடாமல் தப்பிய நிலம் இது என்பதால் குன்றுகள் வழவழப்பாக, நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். சாலைக்கு நல்லது, சைக்கிள்காரருக்குத் தண்ணீர்ப் பஞ்சம்.

பாரம் ஏற்றிய சைக்கிளில் இந்தச் சரளையில் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் போனால் நல்ல நாள். ஆக அந்த மேட்டுப் பகுதிக்கு ஒன்றரை நாளாவது வேண்டும், நடுவில் ஓர் இரவு. குடிக்க, சமைக்க என்று கணக்குப் போட்டால் எட்டு முதல் பத்து லிட்டர். கடைசியாக ஆற்றைத் தொடும் இடத்தில் அத்தனையையும் நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ, அதுவும் வழியின் மிகக் கடுமையான ஏற்றம் ஒன்றின் அடிவாரத்தில். இதைச் சொன்னால் பலருக்கும் பிடிக்காது. வழியில் போகும் வண்டிக்காரர்கள் கொடுப்பார்கள் என்று குறைத்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கொடுக்கவும் செய்வார்கள். அந்தச் சாலையில் நின்று விசாரிக்காமல் போவது குறைவு. ஆனால் பிறர் தயவை நம்பித் தண்ணீர்க் கணக்குப் போடுவது திட்டமாகாது.

ஓடும் தண்ணீர் எல்லாம் குடிநீருமல்ல. 170ஆவது கிலோமீட்டர் தாண்டினால் கற்கள் துருச்சிவப்பாக மாறும், கந்தக வாடை அடிக்கும். பாறையிலிருந்து கரைந்து வரும் தாதுக்கள் அவை. வடிகட்டினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே நிரப்பாமல் மேலே போவதே சரி. பீல், மெக்கன்சி இரண்டும் வண்டல் ஆறுகள். நேரடியாக ஃபில்டரில் ஊற்றினால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் பிடித்து இரவு முழுக்க வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக எடுக்க வேண்டும். பளிங்குபோல் தெரியும் ஓடையிலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கில் தள்ளிவிடும். ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது சாகும். நுண்குழல் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு தடவை பயன்படுத்திய ஃபில்டரில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இரவில் அது உறைந்தால் உள்ளே குழல்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படுப்பது எங்கே? அரசு நடத்தும் முகாம் திடல்கள் வழியில் சில உண்டு: 71ஆவது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன், 193இல் எஞ்சினியர் கிரீக், 446இல் ராக் ரிவர், பிறகு பீல் ஆற்றைக் கடந்ததும் ஒன்று. இவற்றுக்கு நடுவே கூடாரம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான். யூகானில் பொது நிலத்தில் ஓரிரவு தங்குவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் வழியில் சில பகுதிகள் பூர்வகுடி மக்களின் உடன்படிக்கை நிலம். ட்ரோண்டெக் ஹ்வெச்சின், குவிச்சின் மக்கள் இந்த ஆறுகளில் மீன்பிடித்தும் கரிபு மான் வேட்டையாடியும் வாழ்கிறவர்கள். ஆற்றங்கரையில் ஆளில்லாத மீன்குடிலோ வேட்டைக் குடிசையோ தென்பட்டால் அது யாரோ ஒரு குடும்பத்தின் இடம். அதன் பக்கத்தில் கூடாரம் அடிப்பது, ஆள் இல்லாத வீட்டுத் திண்ணையில் ஏறிப் படுப்பதற்குச் சமம். டூம்ஸ்டோன் பூங்காவுக்குள் சாலையை விட்டு உள்ளே தங்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

மிச்சமிருப்பவை இரண்டு வகை இடம். ஒன்று, சாலைக்காகச் சரளை தோண்டிய பழைய பள்ளங்கள். அழகில்லாதவை, ஆனால் தட்டையானவை, காய்ந்தவை, காற்று அடிப்பதால் கொசு குறைந்தவை. இன்னொன்று ஆற்றின் நடுவிலும் ஓரத்திலும் இருக்கும் கூழாங்கல் திட்டுகள். படம் எடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் பக்கத்தில், காற்று தாராளம், தடயம் எதுவும் மிஞ்சாது. ஆனால் திட்டு ஆற்றுக்குச் சொந்தம். கீழே உறைமண் இருப்பதால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. பெய்ததெல்லாம் நேரே ஆற்றுக்கு ஓடிவரும். மேலே எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, ராத்திரியில் நீர்மட்டத்தை ஏற்றிவிடும்.

இதற்கு இரண்டு எளிய சோதனை உண்டு. திட்டில் ஏறியதும் சுள்ளியும் காய்ந்த புல்லும் கோடு கட்டி ஒதுங்கியிருப்பதைப் பாருங்கள். சென்ற வெள்ளம் எட்டிய எல்லை அது. கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலேதான். அடுத்து, தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு சமையலைத் தொடங்குங்கள். சாப்பிட்டு முடித்துப் பார்க்கும்போது குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால், களைப்பைப் பார்க்காமல் மேட்டுக்கு மாறிவிடுங்கள். முளையைப் பொறுத்தவரை, கூழாங்கல்லில் அடித்தால் நிற்காது, உறைமண்ணில் அடித்தால் இறங்காது. தானாக நிற்கும் சட்டக் கூடாரமும் கயிற்றைக் கட்டப் பெரிய கற்களுமே இங்கே சரிப்படும்.

திட்டுக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. கரடி ஆற்றோரமாகவே நடமாடும். வழி தெளிவாக இருக்கிறது, ஓரத்துப் புதர்களில் பழம் காய்க்கிறது. எனவே ஈர மணலில் புதிய தடம், எச்சம், தோண்டிப் போட்ட வேர் தெரிந்தால் அங்கே தங்காதீர்கள். இந்த வழியில் கிரிஸ்லி, கருங்கரடி இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் அழைத்து வருவது வாசனை. கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் சமையுங்கள். உணவு, பற்பசை, சோப்பு, சமையல் துணி எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. காட்டில் உணவுப் பையை மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். இங்கே பல இடங்களில் மரமே இல்லை. கரடியால் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று அவசியம்.

கரடி ஸ்பிரே என்பது மிளகாய்க் காரத்தைச் சில மீட்டர் தூரம் பீய்ச்சும் டப்பா. பைக்குள் போட்டு வைத்தால் பயனில்லை; கைப்பிடியிலோ இடுப்பிலோ தொங்க வேண்டும். அதையும் ஸ்டவ்வுக்கான எரிவாயுவையும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. யூகானின் தலைநகரான ஒயிட்ஹார்ஸிலோ டாசனிலோ வாங்கிக்கொள்ளலாம். சைக்கிளில் ஒரு தனி ஆபத்து உண்டு: சத்தமில்லாமல் வேகமாக இறங்குவோம், வளைவில் கரடி நிற்கும். இறக்கத்தில் மணியடிப்பதும் உரக்கப் பாடுவதும் அசட்டுத்தனமல்ல. பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் கரடியால் பயணத்தை நிறுத்தியவர்களைவிடக் கொசுவால் மனம் உடைந்தவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. இனுவிக்கில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 250 மில்லிமீட்டர்தான். வறண்ட நிலத்துக்குரிய அளவு. இருந்தும் எங்கு பார்த்தாலும் குட்டையும் சேறும். காரணம் மறுபடியும் உறைமண். தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. ஜூன் கடைசியும் ஜூலையும் கொசுவின் ராஜ்ஜியம். ராக் ரிவர் முகாம் பூச்சித் தொல்லைக்குப் பெயர்போனது. தலைக்கு வலை, தளர்ந்த முழுக்கைச் சட்டை, கூடாரத்துக்குக் கிழியாத வலை. மிதிக்கும்போது கடிக்காது, ஏற்றத்தில் வேகம் பத்துக்குக் கீழே குறைந்தால் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே காற்று வீசும் இடத்தைத் தேடிக் கூடாரம் போடுவார்கள். ஆனால் ரிச்சர்ட்சன் மலையடிவாரத்தில் காற்றைத் தேட வேண்டியதில்லை. 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகையைத் தாண்டியதும் வரும் அந்தப் பகுதிக்குச் சூறாவளிச் சந்து என்று பொருள்படும் பெயரே உண்டு.

உணவுக் கணக்கு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். டாசனிலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் 410 கிலோமீட்டர். ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கு இரண்டு நாள் சேருங்கள். ஒரு நாளைக்கு முக்கால் கிலோ உலர் உணவு என்றால் ஆறு கிலோ. அவல், உலர்ந்த பருப்பு, வேர்க்கடலை, வெண்ணெய், ஓட்ஸ், நூடுல்ஸ் எல்லாம் டாசனிலோ ஒயிட்ஹார்ஸிலோ கிடைப்பதைப் பொறுத்து. ஈகிள் பிளெயின்ஸில் சாப்பாட்டுக் கடையும் அறையும் உண்டு, விலை அதிகம். அங்கிருந்து அடுத்த கடை 180 கிலோமீட்டர் தள்ளி, ஃபோர்ட் மெக்பெர்சனில்.

உணவைக் குறைத்து வேகத்தைக் கூட்டலாம் என்ற எண்ணம் வந்தால், சாலையின் பெயருக்குப் பின்னால் இருக்கும் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காவல் அதிகாரி மூன்று பேருடன் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்கு நாய்வண்டியில் தபால் கொண்டு கிளம்பினார். விரைவாகப் போய்விடலாமென்று உணவைக் குறைவாக எடுத்துக்கொண்டார். வழி தெரிந்த குவிச்சின் மனிதர் ஒருவர் சில நாள் கூட வந்து வழிகாட்டினார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு எந்த ஓடையின் முகத்துவாரத்தில் திரும்ப வேண்டுமோ அதைத் தவறவிட்டார்கள். நாள்கணக்கில் தேடிக் கிடைக்காமல், நாய்களையே ஒவ்வொன்றாக உண்டு திரும்பி நடந்தார்கள். நான்கு பேரும் மாண்டார்கள். கடைசி இருவரின் உடல் கிடைத்த இடத்திலிருந்து ஃபோர்ட் மெக்பெர்சன் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர்.

இந்த வட்டாரத்தில் சைக்கிளும் புதிதல்ல. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1900இல், நோம் என்ற அலாஸ்காக் கடற்கரையில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, டாசனிலிருந்து உறைந்த யூகான் ஆற்றின் மேலேயே சைக்கிளில் போனவர்கள் உண்டு. எட் ஜெஸ்ஸன் ஒருவர், மேக்ஸ் ஹிர்ஷ்பெர்க் இன்னொருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர். ஹிர்ஷ்பெர்க் ஊரை நெருங்கும்போது செயின் அறுந்துவிட்டது. கோட்டைக் கழற்றிப் பாய்போல் விரித்துக் காற்றில் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று அவர்களுக்குப் பாதை கொடுத்த அதே உறைவுதான் இன்றும் இந்தச் சாலையின் காலண்டரை வகுக்கிறது. பீல் ஆற்றிலும் மெக்கன்சியிலும் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் ஆற்றின் மேல் பனிச்சாலை. பீலில் ஓடுவது கம்பியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போகும் படகு. மெக்கன்சிப் படகு நடுவே சீகெச்சிக் என்ற குவிச்சின் கிராமத்தையும் தொட்டுவிட்டுப் போகும். இரண்டும் இலவசம். பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை ஓடும். நீர்மட்டம் ஏறினாலோ, மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ நடுக்கோடையிலும் நின்றுவிடும். பனி உடையும் வசந்தத்திலும், உறையத் தொடங்கும் இலையுதிர் கடைசியிலும் வாரக்கணக்கில் படகும் இல்லை, பனிச்சாலையும் இல்லை. இனுவிக்குக்குத் தரைவழியே கிடையாது. மெக்கன்சி சாதாரண ஆறல்ல. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து கடல்வரை 1,738 கிலோமீட்டர். அதன் கழிமுகத்தில் வெள்ளமும் கரையரிப்பும் தாங்காமல்தான் அக்லாவிக் ஊருக்கு மாற்றாக 1950களில் இனுவிக்கைக் கட்டினார்கள். அங்கே வீடுகள் தூண்மேல் நிற்கின்றன. வீட்டின் சூடு கீழே இறங்கி உறைமண்ணை உருக்கிவிடாமல் இருப்பதற்காக.

இனுவிக்கிலிருந்து துக்தோயாக்துக் போகும் கடைசிச் சாலையைப் பெரும்பாலும் குளிர்காலங்களில்தான் போட்டார்கள், மண் இறுகியிருக்கும்போது. மரம் அற்ற வெட்டவெளி, ஏரிக்கு ஏரி, பிங்கோ எனப்படும் பனிக்கட்டிக் குன்றுகள். தரைக்கடியில் தண்ணீர் உறைந்து மேலே தள்ளியதால் எழுந்தவை. அவற்றில் பெரியதான இப்யுக் 49 மீட்டர் உயரம். அங்கே வாழும் இனுவியலுயிட் மக்களின் ஊர்க்கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது போகலாம் என்பதற்கு என் பதில் ஆகஸ்ட் முதல் வாரம் முதல் மூன்றாம் வாரம் வரை. ஜூனிலும் ஜூலையின் பாதி வரையிலும் வடக்கே சூரியன் மறையாது. இனுவிக்கில் ஏறத்தாழ 56 நாள் இரவே இல்லை. கேட்க நன்றாக இருக்கும், தூங்க முடியாது, கொசு வேறு. ஆகஸ்டில் இரவு கொஞ்சம் திரும்பி வரும், கொசு அடங்கும், தூந்திரப் புல்வெளி சிவக்கத் தொடங்கும். செப்டம்பருக்குத் தள்ளினால் பனி விழலாம்.

முதல் நெடும்பயணத்துக்கு இந்தச் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வேறெங்காவது ஒரு வாரம் கூடாரத்தோடு மிதித்து, பஞ்சர் ஒட்டி, மழையில் சமைத்துப் பழகியவருக்கே இது ஏற்றது. தனியாகப் போவதைவிட இருவர் நல்லது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். கிளம்பும் நாள் காலையில், டாசனில் இருக்கும்போதே, யூகான் அரசும் வடமேற்குப் பிரதேச அரசும் தனித்தனியே வெளியிடும் சாலை நிலவரத்தையும் இரண்டு படகுகளின் நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். பீலில் படகு நின்றிருந்தால் டாசனிலேயே இருங்கள். அங்கே கடையும் கட்டிலும் உண்டு, 539ஆவது கிலோமீட்டரில், பீல் கரையில், இரண்டும் இல்லை.